சிங்கப்பூரில் குடும்ப ஒன்றுகூடல்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூருக்கு வந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன பிறகும், அடுத்த புளோக்கில் ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதே தெரியாமல் வாழ்பவர்கள் இங்கே ஏராளம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. குடியிருப்பாளர்களில் இந்தியர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடுதான். போதாததற்கு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989ஆம் ஆண்டு முதல் நடப்பில் இருக்கிறது. ஒரு புளோக்கிலோ பேட்டையிலோ எந்த இனத்தவரும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் குவிந்துவிடாமல் அது பார்த்துக்கொள்கிறது. எல்லா இனத்தவரும் அக்கம்பக்கமாக வாழ வழிசெய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அதே காரணத்தால் தமிழ்க் குடும்பங்கள் பொங்கோலில் ஒன்று, ஈசூனில் ஒன்று, ஒரே புளோக்கில் இருந்தாலும் நான்காம் மாடியில் ஒன்று, பதினோராம் மாடியில் ஒன்று என்று பிரிந்தே இருக்கின்றன. லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போனால் தமிழ் காதில் விழுகிறது. சாமான் வாங்குகிறோம், கோயிலுக்குப் போகிறோம், ரயில் பிடித்து வீடு திரும்பிவிடுகிறோம்.

ஊரில் வாசற்படியில் உட்கார்ந்தால் நாலு பேர் தானாக வந்து பேசுவார்கள். இங்கே அப்படி நடக்காது. யாராவது ஒருவர் நாள் குறித்து, இடம் சொல்லி, கதவைத் திறந்து வைக்க வேண்டும். புதிதாக வந்தவர் என்பதால் தயங்க வேண்டியதில்லை. உங்களுக்குத்தான் அந்தத் தேவை கூர்மையாகத் தெரியும். அதனால் அதைச் செய்யும் ஊக்கமும் உங்களிடம்தான் மிகுதியாக இருக்கும்.

நான் சொல்லப்போவது ஐந்தாறு குடும்பங்கள் மாதம் ஒருமுறை மூன்று மணி நேரம் சேர்ந்திருப்பதைப் பற்றி. ஆண்டுக்கு ஒருமுறை முந்நூறு பேரைக் கூட்டி மேடை போடும் விழாவைவிட இதுவே உறவை வளர்க்கும் என்று உறுதியாக நம்புகிறேன். பெரிய விழாவில் பக்கத்து நாற்காலியில் இருந்தவரின் பெயர்கூடத் தெரியாமல் வீட்டுக்கு வந்துவிடலாம். மாதந்தோறும் பார்க்கும் மனிதரிடம் அப்படி இருக்க முடியாது. அவருடைய அம்மாவுக்கு முழங்கால் வலி என்பது தெரிந்திருக்கும், மகள் தேர்வு எழுதப்போவதும் தெரிந்திருக்கும்.

யாரை அழைப்பது

ஐந்து குடும்பங்களுடன் தொடங்குங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஐந்து குடும்பங்கள் என்றாலே குழந்தைகள், தாத்தா பாட்டியுடன் இருபது, இருபத்தைந்து பேர் ஆகிவிடும். நான்கு அறை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தால் அவ்வளவு பேர்தான் கொள்ளும்.

ஆள் கண்டுபிடிப்பது கடினமில்லை. பிள்ளையின் பள்ளியில் தமிழ் வகுப்புக்கு வரும் மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் முதல் வாய்ப்பு. மாலையில் விளையாட்டுத் திடலில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் அடுத்து. அவர்களிடம் ஒரு வணக்கம் சொன்னால் போதும், அந்த வட்டாரத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்ற முழு விவரமும் கிடைத்துவிடும். உங்கள் வட்டாரத்துச் சமூக மன்றத்துக்குப் போய் அங்கே இந்தியர் நற்பணிச் செயற்குழு இருக்கிறதா என்று கேளுங்கள். பல சமூக மன்றங்களில் உண்டு. பொங்கல், தீபாவளி நிகழ்ச்சிகளை நடத்துபவர்கள் அவர்கள்தாம். வட்டாரத்துக் குடும்பங்களை நன்கு அறிந்தவர்கள்.

யாரைச் சேர்ப்பது என்பதில் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தங்களைப் போலவே புதிதாக வந்தவர்களோடு, அதிலும் ஒரே அலுவலகம், ஒரே மாவட்டம், ஒரே கல்லூரி என்று பார்த்துச் சேர்கிறார்கள். இங்கேயே மூன்று நான்கு தலைமுறையாக வாழும் தமிழர்களோடு பழக்கமே ஏற்படுவதில்லை. இரண்டு தரப்பிலும் இதனால் மனத்தாங்கல் இருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு 1819இலேயே தொடங்குகிறது. சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள மாரியம்மன் கோயில் 1827இல் எழுந்தது. அந்த நீண்ட வரலாற்றைச் சுமப்பவர்கள் உங்கள் புளோக்கிலேயே இருக்கிறார்கள். முதல் ஐந்து குடும்பங்களில் குறைந்தது இரண்டு உள்ளூர்க் குடும்பங்களாக இருக்கட்டும். அவர்கள் வீட்டுக்கு நீங்களே நேரில் போய் அழையுங்கள். அவர்கள் பேச்சில் மலாய்ச் சொற்கள் கலந்திருக்கும், பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். எங்கள் ஊரில் இப்படி இல்லை என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களிடம் நிறைய இருக்கிறது.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேர்விட்டவர்கள் பலர். கடையநல்லூர்க்காரர்கள் 1941லேயே இங்கு சங்கம் கண்டவர்கள். ஓஃபிர் சாலை லூர்து மாதா தேவாலயத்துக்கு 1888 முதல் தமிழ்க் கத்தோலிக்கர்கள் போய் வருகிறார்கள். இலங்கைத் தமிழர்களுக்கு 1910 முதல் இங்கே சங்கம் உண்டு. பூசையை மையமாக வைத்தால் இவர்களில் பாதிப் பேர் வர முடியாது. சாப்பாட்டையும் பேச்சையும் பிள்ளைகளையும் மையமாக வைத்தால் எல்லோரும் வருவார்கள்.

சாதி பற்றிய கேள்வி, நேராகவோ சுற்றி வளைத்தோ, எழவே கூடாது. தமிழ் முரசு நாளிதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளை இங்கே தொடக்கியபோது, சமயமும் சாதியும் கடந்து தமிழர் என்ற ஒரே பெயரில் கூட வேண்டும் என்பதுதான் நோக்கம். உங்கள் கூடத்தில் நடப்பதும் அந்த வழியில் வந்ததாக இருக்கட்டும்.

இன்னும் ஒருவரை மறந்துவிடாதீர்கள். உங்கள் ஊரிலிருந்தோ பக்கத்து ஊரிலிருந்தோ வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிகள் துவாஸ், ஜூரோங், உட்லண்ட்ஸ் பக்கத்து விடுதிகளில் இருக்கிறார்கள். குடும்பத்தைப் பார்த்து ஆண்டுக்கணக்கு ஆகியிருக்கும். அவர்களில் ஒருவரையோ இருவரையோ அழையுங்கள். விருந்தாளியாக அழையுங்கள், மேசை தூக்க ஆள் வேண்டும் என்பதற்காக அழைக்காதீர்கள். துவாஸிலிருந்து பொங்கோலுக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். எந்த நிலையத்தில் மாற வேண்டும், எந்த வாசலில் வெளியே வர வேண்டும் என்பதை எழுதி அனுப்பி, நிலையத்தில் போய் அழைத்து வாருங்கள். முன்பின் தெரியாத வீட்டுக்குள் கூச்சத்துடன் தனியாக நுழைவது அவர்களுக்கு எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கே தெரியும். வந்தவரைப் பிள்ளைகள் சித்தப்பா என்றோ மாமா என்றோ அழைக்கட்டும்.

நாள் குறிப்பது

முழு வேலையில் முக்கியமான பகுதி இதுதான். எல்லோருக்கும் வசதியான நாளைக் கண்டுபிடித்துக் கூடலாம் என்று தொடங்கும் எந்தக் குழுவும் மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதில்லை. எல்லோருக்கும் வசதியான நாள் என்று ஒன்று இந்த ஊரில் கிடையாது. ஒருவர் மருத்துவமனையில் ஷிப்டு வேலை, இன்னொருவர் மகனுக்குத் துணைப்பாட வகுப்பு, மூன்றாமவர் வெளிநாட்டுப் பயணம். ஆகவே நாளை நிலையாக வைத்துவிடுங்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மாலை நான்கு முதல் ஏழு வரை. வர முடிந்தவர்கள் வருவார்கள். வர முடியாதவர்களுக்கு அடுத்த மாதம் எந்த நாள் என்பது கேட்காமலே தெரியும். ஒரு மாதம் இரண்டே குடும்பங்கள் வந்தாலும் நடத்துங்கள், ரத்து செய்யாதீர்கள். ஒருமுறை ரத்தானால் அடுத்த முறை யாரும் நாட்குறிப்பில் எழுதி வைக்க மாட்டார்கள்.

ஞாயிறு ஏன் என்றால், விடுதித் தம்பிகளில் பெரும்பாலோருக்கு அன்றுதான் ஓய்வு. ஆனால் மறுநாள் வேலையும் பள்ளியும் இருப்பதால் ஏழு மணிக்கு முடித்துவிட வேண்டும். நேரத்துக்கு முடிக்கும் வீட்டுக்கு மறுபடியும் வருவார்கள்.

பள்ளி நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் நான்கு வாரமும் நவம்பர், டிசம்பரில் ஆறு வாரமும் விடுமுறை. பல குடும்பங்கள் அப்போது இந்தியாவுக்குப் போய்விடும். செப்டம்பர் கடைசியில் தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதுவார்கள். அந்த வீட்டார் வராவிட்டால் வருத்தப்படாதீர்கள். அந்த மாதம் அவர்கள் வீட்டுக்கு ஒரு டப்பாவில் சாப்பாடு மட்டும் கொடுத்தனுப்புங்கள், மறக்க மாட்டார்கள்.

ஊரிலிருந்து விசிட் பாஸில் வரும் தாத்தா பாட்டிகளுக்காக நாளை ஓரிரு வாரம் நகர்த்தலாம். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு பகல் முழுவதும் பத்தாம் மாடியில் தனியாக உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். மொழி தெரியாமல் லிஃப்டில்கூட யாரிடமும் பேச முடியாது. அவர்கள் இருக்கும் மாதத்தில் கூட்டம் அவர்கள் வீட்டிலேயே நடக்கட்டும்.

இடம்

முதல் மூன்று முறை வீட்டிலேயே நடத்துங்கள். வாடகை இடத்தில் கிடைக்காத நெருக்கம் வீட்டில் கிடைக்கும். காலணிகளைத் தாழ்வாரத்தில் பரப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீ விபத்தின்போது வெளியேற 1.2 மீட்டர் அகலம் எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும் என்பது விதி. வாசலில் ஒரு பழைய விரிப்பைப் போட்டு ஓரமாக அடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் தாழ்வாரத்தில் ஓடுவதும் பந்து தட்டுவதும் கீழ் வீட்டாருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் பெரிய தொந்தரவு.

கூட்டம் பெருகினால் புளோக்கின் கீழ்த்தளம் இருக்கிறது. கல் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் மேசை நாற்காலி வாடகைக்கு எடுத்துப் போட்டு, மின்சாரம் எடுத்து நிகழ்ச்சியாக நடத்த வேண்டுமானால் நகர மன்றத்திடம் முன்பதிவு செய்ய வேண்டும். கட்டணமும், இடத்தைச் சுத்தமாக ஒப்படைத்தால் திரும்பக் கிடைக்கும் முன்வைப்புத் தொகையும் உண்டு. சமூக மன்ற அறைகளை மக்கள் கழகத்தின் இணையத்தளத்தில் மணிக்கணக்கில் பதிவு செய்யலாம். மழைக்காலத்துக்கு அதுவே நல்லது. கொண்டோமினியத்தில் இருப்பவர்கள் நிர்வாக அலுவலகத்தில் நிகழ்ச்சி அறைக்குப் பதிவு செய்து, வருபவர்களின் பட்டியலைக் காவலரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கப்படுவது, குறிப்பாக விடுதியிலிருந்து வரும் தம்பிகளுக்கு, அவமானமாக இருக்கும்.

பூங்கா என்றால் ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ், வெஸ்ட் கோஸ்ட் பூங்காக்களில் கரி அடுப்பு மேடைகளை முன்பதிவு செய்யலாம். பள்ளி விடுமுறையில் சீக்கிரம் நிரம்பிவிடும். அடுப்பே வேண்டாம், பாய் விரித்து உட்கார்ந்தால் போதும் என்றால் பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவுக்கு ஈடான இடம் இல்லை. அனுமதி இலவசம், எம்ஆர்டி ரயில் நிலையம் வாசலிலேயே இருக்கிறது. மழைக்கு ஒதுங்க எங்கே போவது என்பதை மட்டும் போவதற்கு முன்பே பார்த்து வையுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வெளியிடத்தை நம்ப வேண்டாம்.

பொது இடங்களில் இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை மது அருந்தத் தடை 2015 முதல் இருக்கிறது. குடும்ப ஒன்றுகூடலில் எந்த நேரத்திலும் மது வேண்டாம் என்பது என் கருத்து. பாட்டில் திறந்த இடத்தில் ஆண்கள் தனி வட்டமாகப் பிரிந்துவிடுவார்கள். அதன் பிறகு அது குடும்பக் கூட்டமாக இருக்காது.

சாப்பாடு

நடத்தும் வீட்டார் ஒரு முக்கிய உணவும் தேநீரும் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற வீட்டார் ஆளுக்கொன்று கொண்டுவரட்டும். மொத்தம் ஐந்தாறு வகைக்கு மேல் போகக்கூடாது என்று முதல் நாளே பேசி வையுங்கள். யார் வீட்டில் எத்தனை வகை வைத்தார்கள் என்ற ஒப்பீடு தொடங்கினால், அடுத்த முறை நடத்த வேண்டியவருக்குச் செலவும் பயமும் கூடும். அவர் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுவார், கூட்டம் அங்கேயே நின்றுவிடும். எளிய சாப்பாடுதான் இந்த ஏற்பாட்டைக் காப்பாற்றுகிறது.

மாலைக் கூட்டத்துக்கு இடியாப்பமும் காய்கறிக் குருமாவும் மிகவும் பொருத்தம். சைவர், அசைவர் இருவருக்கும் ஆகும், இலங்கைத் தமிழர் ஒரு பாத்திரம் சொதி கொண்டுவந்தால் இன்னும் சிறப்பு. மலாய், சீன அண்டை வீட்டாரும் புட்டு மாயாம் என்ற பெயரில் காலங்காலமாகச் சாப்பிட்டுப் பழகியதுதான்; தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் தனியாக வைத்தால் விரும்பி எடுப்பார்கள். சுண்டல், மெதுவடை, ஒரு பாயசம், வெட்டிய பழங்கள் போதும். பிரியாணி என்றால் பெரியவர் ஒருவருக்கு 100 முதல் 125 கிராம் அரிசி என்று கணக்கிடுங்கள். இருபத்தைந்து பேருக்கு மூன்று கிலோ தாராளம்.

முஸ்லிம் குடும்பங்கள் வரும் நாளில் இறைச்சியை ஹலால் கடையில் வாங்குங்கள். முயிஸ் என்ற இஸ்லாமிய சமய மன்றத்தின் சான்றிதழ் கடையில் மாட்டியிருக்கும். சமைக்கும் பாத்திரம் பற்றி அவர்களுக்குத் தயக்கம் இருக்கலாம். அன்றைக்கு அசைவத்தை அவர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்வது, அல்லது முழுவதும் சைவமாக வைப்பது இரண்டுமே மரியாதையான வழிகள். ரமலான் மாதத்தில் கூட்ட நேரத்தைத் தள்ளி வைத்து, ஏழு மணியை ஒட்டி வரும் நோன்பு திறக்கும் நேரத்தில் எல்லோரும் சேர்ந்து நோன்புக் கஞ்சி குடிக்கலாம். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் வகுப்பறையில் கிடைக்காது. புரட்டாசியில் பலர் அசைவம் தொடமாட்டார்கள். தவக்கால வெள்ளிகளில் கத்தோலிக்க வீட்டார் இறைச்சி சாப்பிடமாட்டார்கள். இவற்றைக் கேட்டுக் குறித்து வைத்தால் ஒருவர் மட்டும் வெறும் தட்டோடு உட்காரும் நிலை வராது.

சமைத்த உணவை வெளியே வைத்திருந்தால் நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். உணவு ஏற்பாட்டு நிறுவனங்களும் இந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகின்றன. தேங்காய்ப்பால் சேர்த்தவை இந்த வெப்பத்தில் அதற்கும் முன்னதாகவே கெடலாம். வாழை இலை தேக்கா சந்தையிலும் பஃபலோ ரோட்டுக் கடைகளிலும் கிடைக்கும்.

பெண்கள் சமையலறையிலும் ஆண்கள் கூடத்திலும் இருக்கும் கூட்டத்தை நடத்துவதைவிட நடத்தாமல் இருப்பது நல்லது. பரிமாறுவதும் பாத்திரம் கழுவுவதும் ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் செய்ய வேண்டும். முதல் கூட்டத்திலேயே வீட்டு ஆண் எழுந்து கரண்டியைக் கையில் எடுத்துவிட்டால் அது வழக்கமாகிவிடும். வீட்டில் பணிப்பெண் இருந்தால், அவருடைய ஓய்வு நாளை இந்தக் கூட்டத்துக்காகப் பறிக்காதீர்கள்.

மூன்று மணி நேரத்தில் என்ன செய்வது

முதல் முக்கால் மணி நேரம் தேநீரும் பேச்சும். வருகிறவர்கள் முன்பின்னாகத்தான் வருவார்கள். அதன் பிறகு எல்லோரும் வட்டமாக உட்காரும் அரைமணி நேரம் ஒன்று வேண்டும். அதுதான் உயிர்நாடி. அந்த நேரத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரு பெரியவர் தம் வாழ்க்கையிலிருந்து ஒரு பகுதியைச் சொல்லட்டும். பொதுவாக உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டால் அவர்கள் அறிவுரைதான் சொல்வார்கள். குறிப்பாகக் கேளுங்கள். முதல் மாதச் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? கல்யாணத்தன்று என்ன சமைத்தார்கள்? கம்பத்து (கிராமத்து) வீட்டை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்த முதல் இரவு எப்படி இருந்தது? வயதானவர்களில் சிலரோ அவர்களுடைய பெற்றோரோ ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்களாக இருக்கலாம். 1970களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல் அது. செம்பவாங் கடற்படைத் தளத்திலும் தஞ்சோங் பகார் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்கள் இருப்பார்கள். அனுமதி கேட்டுத் தொலைபேசியில் குரலைப் பதிவு செய்து, அந்தக் குடும்பத்துக்கே அனுப்பி வையுங்கள்.

பிள்ளைகளின் தமிழைப் பற்றிக் கவலைப்படாத பெற்றோர் இங்கே இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினர்தான். தமிழ் ஆட்சிமொழி, பள்ளியில் பாடமாகக் கற்பிக்கப்படும் மொழி, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிக்கும் மொழி. ஆனாலும் பிள்ளைகள் இருவர் சேர்ந்தால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். தமிழில் பேசு என்று அதட்டுவதால் அவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள், அவ்வளவுதான். தமிழ் இல்லாமல் முடிக்க முடியாத வேலையைக் கொடுங்கள். பாட்டியிடம் கேள்வி கேட்பது ஒரு பிள்ளையின் பொறுப்பு. அடுத்து என்ன நடக்கும் என்று அறிவிப்பது இன்னொரு பிள்ளை. வடையில் என்னென்ன போட்டார்கள் என்று கேட்டு எழுதிவருவது மூன்றாமவர். தவறாகப் பேசினால் திருத்தாமல் விட்டுவிடுங்கள். பெரியவர்கள் சரியாகப் பேசுவதைக் கேட்டுத் தானாக வரும். பாட்டுப் பாடு, திருக்குறள் சொல் என்று கூட்டத்தின் நடுவே நிறுத்தி வைக்காதீர்கள். கூச்சப்படும் பிள்ளைக்கு அது தண்டனை. அடுத்த மாதம் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். பரிசும் போட்டியும் வேண்டாம்.

விளையாட்டுக்குப் பல்லாங்குழியும் ஐந்தாங்கல்லும் தாயமும் வையுங்கள். பல்லாங்குழி மலாய் வீடுகளில் சொங்காக். ஐந்தாங்கல்லைத் துணிப் பொட்டலங்களால் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் எல்லா இனத்திலும் ஆடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வந்து உட்கார்ந்துவிடலாம், விதி விளக்கத் தேவையில்லை. தொலைபேசிகளை ஒரு கூடையில் போடச் சொல்வது பெரியவர்களுக்கும் பொருந்தும்.

பக்கத்து வீட்டார்

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு இரு பக்கத்து வீட்டுக்கும் மேல் கீழ் வீட்டுக்கும் நேரில் போய், ஞாயிறு மாலை கொஞ்சம் சத்தம் இருக்கும், ஏழு மணிக்கு முடிந்துவிடும் என்று சொல்லுங்கள். கையோடு கொஞ்சம் முறுக்கு கொண்டுபோனால் நல்லது. காரம் குறைத்துச் செய்யுங்கள். சில சீனக் குடும்பங்கள் மாட்டிறைச்சி சாப்பிடாது, சிலர் குறிப்பிட்ட நாள்களில் முழுச் சைவம். இரண்டு மூன்று மாதம் கழித்து அவர்களையும் ஒரு கூட்டத்துக்கு அழையுங்கள். அன்று உரையாடல் பாதி ஆங்கிலத்தில் போகும், போகட்டும்.

பணமும் வாட்ஸ்அப்பும்

இடத்துக்கும் வாடகைப் பொருளுக்கும் ஆகும் செலவை மட்டும் பங்கிடுங்கள். சாப்பாட்டுச் செலவு வேண்டாம். ஒருவர் கணக்கு வைத்து, தொலைபேசியில் பணம் அனுப்பும் பேநவ் வழியே வாங்கி, அன்றே குழுவில் விவரம் போட வேண்டும். விடுதியிலிருந்து வருபவர்களிடமும் வேலை இழந்த வீட்டாரிடமும் கேட்கக்கூடாது. அதை யாரும் குழுவில் குறிப்பிடவும் கூடாது.

வாட்ஸ்அப் குழு கூட்டத்தைப் பற்றிய செய்திக்கு மட்டும். அரசியல், சமய வாக்குவாதம், காலை வணக்கப் படம் எதுவும் வேண்டாம். காப்புறுதி விற்பது, வீட்டு முகவர் வேலை, முதலீட்டுத் திட்டம் ஆகியவற்றைக் கூட்டத்துக்குள் கொண்டுவருபவரிடம் முதல்முறையே தனியாக, கனிவாகச் சொல்லிவிடுங்கள்.

பண்டிகை மாதங்கள்

பொங்கலும் தைப்பூசமும் தமிழ்ப் புத்தாண்டும் இங்கே பொது விடுமுறை இல்லை. ஜனவரி கூட்டத்தைப் பொங்கலை ஒட்டிய ஞாயிறுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கேம்பல் லேனில் கரும்பும் மண்பானையும் விற்கும், லிட்டில் இந்தியாவில் மாடுகளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். பிள்ளைகளை எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து அழைத்துப் போங்கள். அருகிலேயே இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. 2015இல் திறந்த அந்த நிலையத்தில் செட்டிநாட்டு வாயில் ஒன்றைக் கண்ணெதிரே பார்க்கலாம். தாழ்வாரத்தில் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கக் கூடாது; வீட்டு அடுப்பில் பொங்கட்டும், அல்லது சமூக மன்றப் பொங்கலில் போய்க் கலந்துகொள்ளுங்கள்.

தீபாவளிக்குப் பட்டாசு கிடையாது, 1972 முதல் தடை. மத்தாப்பு கொளுத்தலாம். வீடு வீடாகப் போவதுதான் இங்கே வழக்கம். பிள்ளைகளுக்கு உறையில் சிறு தொகை வைத்துக் கொடுக்கும் அங்பாவ் வழக்கமும் தமிழர் வீடுகளில் ஊன்றிவிட்டது. இரண்டு வெள்ளி போதும், ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தொகை. ஏப்ரலில் வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவில் தமிழ் மொழி விழா நடக்கிறது. தீவெங்கும் நிகழ்ச்சிகள் இருக்கும், பெரும்பாலானவை இலவசம். அந்த மாதக் கூட்டத்துக்குப் பதிலாக ஒரு நிகழ்ச்சிக்குச் சேர்ந்து போய்விட்டு, உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்டு வரலாம்.

கூட்டம் முடிந்த பிறகு

குப்பையைக் கட்டிக் கீழே கொண்டுபோவது, பாயைச் சுருட்டுவது, மீதமான சாப்பாட்டை டப்பாவில் போட்டு முதலில் விடுதித் தம்பிகளுக்கும் பிறகு தனியாக வாழும் முதியவர்களுக்கும் கொடுப்பது ஆகிய மூன்றும் எல்லோரும் கலையும் முன்பே நடக்க வேண்டும். நடத்திய வீட்டாரிடம் அந்த வேலையை விட்டுவிட்டுப் போகக்கூடாது. வராத குடும்பத்துக்கு மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பு. ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம், எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். சில வேளைகளில் வராததற்குக் காரணம் நோயாகவோ வேலை போனதாகவோ இருக்கும். அந்த அழைப்பு இல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

மூன்றாவது மாதத்துக்குள் பொறுப்பை இன்னொரு குடும்பத்திடம் கொடுத்துவிடுங்கள். ஒரே வீட்டார் தொடர்ந்து நடத்தினால் மற்றவர்கள் விருந்தாளிகளாகவே இருந்துவிடுவார்கள். கொடுக்கும்போது ஒரு பக்கக் குறிப்பும் சேர்த்துக் கொடுங்கள்: குடும்பங்களின் பெயர்கள், யார் என்ன சாப்பிடமாட்டார்கள், யாரை நிலையத்தில் போய் அழைத்துவர வேண்டும், எந்தப் பாட்டி இன்னும் தம் கதையைச் சொல்லவில்லை, பாயும் பெரிய பாத்திரமும் இப்போது யார் வீட்டில் இருக்கின்றன.